அலசாத துணி

“அலசிக் குடுக்காதீங்க, அலசிக் குடுக்காதீங்கன்னு எத்தினி வாட்டிதான் சொல்றது? அலசறதுக்குத்தானே நான் ஒருத்தி கீறேன்? நீங்களே அலசிட்டா நான் இன்னாத்துக்கு, கயித மேய்க்கவா?”

சேக்காட்டில் சலவைக்கு எடுக்க வேம்புலியம்மாள் வந்துவிட்டாள் என்பதை இந்தக் குரலை வைத்தே தெரிந்துகொள்ளலாம். தொண்டையில் புறப்பட்டு, மூக்கில் ஏறி, ‘மேய்க்கவா’வில் ஒரு இழுப்பு இழுத்து இறங்கும். குழாயடியில் எவளாவது இடுப்பில் கை வைத்துக்கொண்டு “கயித மேய்க்கவாஆஆ?” என்று ஆரம்பித்தால் போதும், வரிசையில் நிற்கிற பத்து பேரும் குடத்தைத் தட்டி மீதியைச் சொல்லிவிடுவார்கள். வேம்புலியே பின்னால் வந்து நின்று, “மூக்கு இன்னும் கொஞ்சம் வரணும்மே” என்று திருத்தியதும் உண்டு.

மற்ற ஊர்களில் சலவைக்காரிகள் அழுக்கு அதிகம் என்று சண்டை போடுவார்கள். இவள் அழுக்கு குறைச்சல் என்று சண்டை போட்டாள். மூட்டையை வாங்கினால் தலையில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே? மாட்டாள். வாசலிலேயே அவிழ்ப்பாள். வேட்டி, சட்டை, பேக்டரி காக்கி எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். பாவாடைகளை மட்டும் உருவி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். அந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் இரண்டு முறை தூக்கிப் பிடிப்பாள். ஆம்பிளைகள் பீடியைத் தேடுகிற சாக்கில் வெளியே நழுவிவிடுவார்கள்.

“இன்னா வேம்புலி, பிலிம் சுருள் பாக்கற மாதிரி பாக்கற?”

“படம் ஓடுதா, அறுந்துபோச்சான்னு பாக்கறேன்.”

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். துணியில் சந்தேகமாகச் சிவப்பு எதாவது தெரிந்தால் நேரே உள்ளே போய், பிள்ளைத்தாச்சியின் காதில் குனிந்து, “பட்டுதா?” என்பாள். அடுத்த கேள்வி, “வலிச்சிதா?” இல்லை என்று தலையாட்டினால் தீர்ந்தது. “கெளம்பு. இப்பவே கெளம்பு. வலிச்சா உங்க மாமியாகாரியே இட்டுகினு ஓடுவா. வலிக்கலன்னாதான் ஒருத்தியும் அசைய மாட்டாளுங்க.”

அப்படிச் சொல்லும்போது மட்டும் அந்த மூக்குக் குரல் காணாமல் போய்விடும். அதை யாராலும் செய்து காட்ட முடிந்ததில்லை.

ஆவடியில் டாங்க் பேக்டரி வந்த மறு வருடம், அறுபத்தாறில், வேம்புலி இப்படி இல்லை. அலசிக் கொடுத்தால் “மவராசியா இரு” என்று வாழ்த்திவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தாள். தீட்டுத் துணி உட்பட எல்லா வீட்டுத் துணியும் அவள் கையில்தான் வந்தது. எந்த வீட்டில் எவளுக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது புருஷனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஏரித் தண்ணீரோடு விட்டுவிட வேண்டும், வாயில் வரக் கூடாது. அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் அது. சட்டத்தை மீறாதவள் என்று அவளுக்கு நல்ல பேர் இருந்தது. அந்த நல்ல பேர்தான் அவளைக் கெடுத்தது.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஓரத்தில் சேங்கொட்டை மையால் ஒரு குறி போட்டிருப்பாள். மூன்று புள்ளி, ஒரு கோடு என்றால் பொன்னியம்மா வீடு. சேக்காட்டில் பழைய பயிர்த்தொழில் குடும்பம். மகன் பரந்தாமன் மட்டும் ஏரைப் பிடிக்காமல் சைக்கிளைப் பிடித்து பேக்டரிக்குப் போனான். அவன் பெண்சாதி தாட்சாயிணி வானகரத்துப் பெண், பத்தொன்பது வயது, தலைச்சன், ஏழாம் மாதம்.

ஒரு திங்கட்கிழமை ஏரிக்கரையில் அந்த வீட்டு மூட்டையைப் பிரித்தபோது, போர்வை மடிப்புக்குள் ஒரு துணி சுருட்டி வைத்திருந்தது. அலசிப் பிழிந்த துணி. ஆனாலும் ஓரத்தில் வளையம் கட்டிச் சிவப்பு நின்றிருந்தது. வெற்றிலைக் கறை வேம்புலிக்குத் தெரியும். மாதுளைக் கறை தெரியும். அரிவாள்மணை கையைப் பதம் பார்த்த கறையும் தெரியும். இது அது எதுவும் இல்லை. ஓரத்தைத் திருப்பினாள். மூன்று புள்ளி, ஒரு கோடு.

சாயங்காலம் ஒரு ரவிக்கை தவறிப்போனதாகச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போனாள். தாட்சாயிணி தனியாக இருந்தாள்.

“இன்னா கண்ணு அது, போர்வைக்குள்ள?”

பெண்ணின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் விழுந்தது. “அத்தைக்குத் தெரிய வாணாம்க்கா.”

“எப்ப பட்டுது?”

“நேத்து காத்தால. எந்திரிச்சா நனஞ்சிருந்துது. மத்தியானமே நின்னுபோச்சி. வலியே இல்லக்கா.”

“துளிகூட?”

“சத்தியமா. புள்ள நல்லா ஒதைக்குது. வெள்ளிக்கெயம வளைகாப்பு. அம்மா ஊட்ல வளையல்லாம் வாங்கிட்டாங்க. தீட்டுன்னு தெரிஞ்சா அத்த நிறுத்திடும். சொல்லிடாதக்கா.”

நிறுத்துவதோடு விடுவாளா பொன்னியம்மா? அவள் தன் வீட்டுக்குள் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். “வானகரத்துக்காரிக்கு வயித்துல தங்குமான்னு அப்பவே சொன்னேன்!” என்று எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் மார்பில் அடித்துக்கொள்வாள் என்பதுகூட வேம்புலிக்கு மனதில் ஓடியது. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அதோடு இன்னொன்றும் ஓடியது. வளைகாப்பில் பிள்ளைத்தாச்சி உட்காருகிற மணைக்கு மேல் வெளுத்த மாத்துத் துணி விரிப்பது வேம்புலி. விரித்தவளுக்குப் புதுப் புடவை. அந்தப் புடவை அவள் நினைப்பில் கண் சிமிட்டும் நேரம்தான் வந்து போனது. அவ்வளவு நேரம் வந்தது போதாதா என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

“வலிக்கலன்னா சூடுதான். எளநி குடி, வெயில்ல நிக்காத,” என்றாள். பெரிய டாக்டர் மாதிரி சொன்னாள்.

மறுநாள் அந்தத் துணியைத் தனியாக எடுத்தாள். உவர்மண் போட்டு, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, மறுபடி வெள்ளாவியில் வைத்தாள். சிவப்பு வளையம் போன இடம் தெரியவில்லை. அவள் கையால் அவ்வளவு நல்ல சலவை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாத்து விரித்தாள். தாட்சாயிணி அதன்மேல் உட்கார்ந்து இரண்டு கை நிறைய வளையல் அடுக்கிக்கொண்டாள். வேம்புலிக்குக் கிளிப்பச்சைப் புடவை கிடைத்தது.

அந்தத் துணி வந்து சரியாக மூன்று வாரம். வெளுத்த துணியைக் கொடுக்கப் போன வேம்புலி வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே பொன்னியம்மா அலறினாள். அடுப்பங்கரையில் தாட்சாயிணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பாவாடை, பாதம், தரை எல்லாம் சிவப்பு. அந்தப் பெண் அழக்கூட இல்லை. “வலிக்கலியே, வலிக்கலியே,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், வலிக்காததே அவளைக் காப்பாற்றிவிடும் என்பது போல.

கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். நாலு காலில் ஒரு காலை வேம்புலி பிடித்தாள். ஆவடி ரோட்டில் ஜேம்ஸம்மா என்ற நர்ஸ் இரண்டு கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்துவந்தாள். வெள்ளைக் கவுன், மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். ஒவ்வொரு வார்த்தையையும் ஊசி போடுகிற மாதிரி நறுக்கென்று குத்தி எடுப்பாள்.

“பேசாதீங்க. எல்லாரும். வெளிய.” வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். “மெத்துன்னு இருக்கு. வலி?”

“இல்ல சிஸ்டர்,” என்றாள் தாட்சாயிணி. உதடு வெளுத்திருந்தது.

“தலை இறங்கல. மேலயே மிதக்குது.” ஜேம்ஸம்மா யோசித்துக்கொண்டே ஒரு கையில் ரப்பர் உறையை மாட்டினாள். உள்ளே கை விட்டுப் பார்க்கப்போகிறாள். “இதுக்கு முன்னாடி பட்டதுண்டா?”

“ஐய, எங்க ஊட்ல அதெல்லாம் கெடையாது சிஸ்டர்!” பொன்னியம்மா முந்திக்கொண்டாள். “இதான் மொத வாட்டி! இன்னிக்குத்தான்! அடுப்பாண்ட நின்னவதான்!”

தாட்சாயிணி கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் எதிரில் அவள் வாய் திறக்க மாட்டாள். வேம்புலி கதவோரம் நின்றிருந்தாள். கட்டில் கால் பிடித்த கையில் ரத்தம் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. சொன்னால் அந்த வீடு போகும். துணியில் கண்டதை வெளியே சொன்னவள் என்றால் மற்ற வீடுகளும் போகும். எல்லாவற்றுக்கும் மேல், மூன்று வாரமாகத் தெரியும் என்பது வெளியே வரும். ஜேம்ஸம்மா இரண்டாவது உறையை எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள். கட்டை விரலும் நுழைந்தது.

“ரெண்டாவது வாட்டி.”

யாரோ பேசுகிறார்கள் என்று வேம்புலியே திரும்பிப் பார்த்தாள்.

“மூணு வாரத்துக்கு முன்ன, ஞாத்திக்கெயம காத்தால. அப்பவும் வலியில்ல. தானா நின்னுபோச்சி. துணி என்னாண்டதான் வந்துது.”

ஜேம்ஸம்மா உறையை உரித்து மேசையில் எறிந்தாள். “யாரும் தொடக் கூடாது. நானும்தான். உடனே எழும்பூர் ஆஸ்பத்திரி. வண்டி!”

பரந்தாமனுக்கு ஆள் போனது. பேக்டரி ஆபீசர் ஒருவரின் ஜீப்பு வந்தது. போகிற வழியெல்லாம் தாட்சாயிணியின் இரண்டு காலையும் மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேம்புலி உட்கார்ந்திருந்தாள். பொன்னியம்மா முன்சீட்டிலிருந்து திரும்பியே பார்க்கவில்லை. அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

“இன்னா சிஸ்டர் ஆச்சி இவளுக்கு?” என்றாள் வேம்புலி, திருமங்கலம் தாண்டும்போது.

“நஞ்சு தெரியுமில்ல, புள்ளைக்குப் பின்னாடி வருமே? அது மேல இருக்கணும். இவளுக்குக் கீழ வந்து வாசலை அடைச்சுட்டு இருக்கு. வாசல்ல மூட்டையப் போட்ட மாதிரி. வயிறு வளர வளர மூட்டை ஓரமாப் பிரியுது, ரத்தம் வருது. அதான் வலியில்ல. நான் கைய விட்டிருந்தா மூட்டையவே கிழிச்சிருப்பேன்.” ஜேம்ஸம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “ரோட்டுலயே போயிருப்பா.”

இரண்டாவது உறை முழுசாக மாட்டுகிற வரைக்கும் தான் வாயை மூடிக்கொண்டு நின்றது வேம்புலிக்கு அப்போதுதான் உறைத்தது.

எழும்பூரில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பரந்தாமனோடு ஷிப்டு பார்ப்பவர்கள் மூன்று பேர் ரத்தம் கொடுத்தார்கள். தாட்சாயிணி பிழைத்தாள். ஆண் குழந்தை, ஒன்றரை நாள் இருந்தது.

நாலாம் நாள் ஜேம்ஸம்மாவின் வீட்டுக்கு வேம்புலி போனாள். “அன்னிக்கே, மொத வாட்டி பட்டப்பவே இட்டாந்திருந்தா?”

ஜேம்ஸம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. “படுக்க வெச்சிருப்பாங்க. கட்டில் கால் பக்கம் செங்கல் குடுத்து, எந்திரிக்கவே விடாம, ஒரு மாசம், ஒன்றரை மாசம். அதுக்குள்ள புள்ள வளர்ந்திருக்கும். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்குப் புள்ள பொழைச்சிருக்கு.”

நிறையப் பேருக்குப் புள்ள பொழைச்சிருக்கு. வேம்புலி அதைக் கல்லில் துணி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள்.

பொன்னியம்மா துணி போடுவதை நிறுத்திவிட்டு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேறு ஆளை வைத்துக்கொண்டாள். “பாத்தவ கண்ணு பட்டு என் பேரன் பூட்டான்” என்று தெருவில் சொன்னாள். வேம்புலி மறுத்துப் பேசவில்லை. அதைவிடப் பெரிய தப்பு தன்னிடம் இருக்கும்போது கண்ணு பட்டதை மறுத்து என்ன ஆகப்போகிறது?

அவள் புருஷன் துலுக்கானம் சமாதானம் சொல்லிப் பார்த்தான். “படிச்ச நர்சம்மாவே கேட்டுத்தானே தெரிஞ்சிகிச்சி? உனுக்கு எப்டிமே தெரியும்?”

“தெரியாம இருந்தது தப்பில்லய்யா. தெரியாதவ சூடுன்னு சொல்லாம யாரனா தெரிஞ்சவங்கள கேட்டிருக்கணும். நான் தோச்சிட்டேன். ரெண்டு வாட்டி வெள்ளாவி வெச்சேன்யா.”

கிளிப்பச்சைப் புடவையை அவள் கட்டவில்லை. நாலாகக் கிழித்து, மூட்டை கட்டும் துணியாக்கினாள். ஊர் அழுக்கு முழுக்க அதில்தான் வந்தது.

அன்றிலிருந்துதான் அந்த ‘அலசிக் குடுக்காதீங்க’. ஐந்து வருடத்தில் இரண்டு பேரை அப்படிக் கிளப்பி அனுப்பினாள். ஒருத்திக்கு ஒன்றுமில்லை, சும்மா திரும்பி வந்து ஒரு மாதம் வேம்புலியைத் திட்டினாள். இன்னொருத்தி படுத்து எழுந்து பிள்ளையோடு வந்தாள். திட்டினவளைப் பார்த்தால்தான் வேம்புலிக்கு நிம்மதி. பிள்ளையோடு வந்தவளைப் பார்த்தால் அந்த ஒன்றரை நாள்தான் ஞாபகம் வரும்.

எழுபத்தொன்றில் தாட்சாயிணி மறுபடி உண்டானாள். முன்னால் ஒரு முறை வயிறு கிழித்தவளுக்கு நஞ்சு மறுபடியும் கீழே உட்கார வாய்ப்பு ஜாஸ்தி என்று ஜேம்ஸம்மா சொல்லியிருந்தாள். ஊரில் எல்லா வயிற்றையும் பார்க்கிறவளுக்கு அந்த ஒரு வயிறு மட்டும் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. வாசல் ஏறிப் போய்க் கேட்க முகமில்லை. அதனால் ஒரு காரியம் செய்தாள். திங்கட்கிழமைதோறும் பொன்னியம்மா வீட்டெதிரே கழுதையை நிறுத்திக்கொண்டு, துணியே போடாத அந்த வீட்டைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினாள்: “அலசிக் குடுக்காதீங்கன்னு எத்தினி வாட்டிதான் சொல்றது?”

“யாருகிட்டம்மே சொல்ற? செவுத்தாண்டயா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

“செவுத்துக்கும் காது கீதில்ல.”

“இவளுக்கு முத்திப்பூட்ச்சி!” என்று உள்ளேயிருந்து பொன்னியம்மா மூன்று தெருவுக்குக் கேட்கச் சொன்னாள்.

ஆறு திங்கட்கிழமை கத்தினாள். ஏழாவது திங்கட்கிழமை காலை, ஏரிக்கரையில் துணி அடித்துக்கொண்டிருந்தபோது, வரப்பு வழியே வயிற்றைத் தாங்கிக்கொண்டு தாட்சாயிணி வந்தாள். தனியாக. வந்தவள் கரையில் கிடந்த மூட்டையைப் பார்த்தாள். அழுக்கேறிய கிளிப்பச்சையை அடையாளம் கண்டுகொண்டாள். முந்தானைக்குள் இருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து நீட்டினாள்.

“அக்கா. அலசல.”

வேம்புலி பிரித்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. “வலிச்சிதா?”

“இல்ல.”

“ஏண்டி நடந்து வந்த? ஆள் அனுப்பக் கூடாதா? ஒக்காரு. அசையாத. யோவ் துலுக்கானம், வண்டி பாருய்யா!” கையில் இருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட்டாள். அன்று தண்ணீரோடு போன இரண்டு வேட்டிக்காக அவள் பிற்பாடு நல்ல பேச்சு வாங்கினாள்.

எழும்பூரில் ஏழு வாரம். கட்டிலின் கால் பக்கம் செங்கல். யாரும் உள்ளே கை விட்டுப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு முறை மறுபடி பட்டது. ரத்தம் ஏற்றினார்கள், நின்றது. “ஏயு வாரம் மல்லாந்து படுத்துகினு கீறா மகராணி, ஊட்ல மாட்ட யாரு பாக்கறது?” என்று பொன்னியம்மா வார்டுக்கே வந்து குரல் கொடுத்தாள். “நீ பாரு பெரீம்மா, மாடு உன் கொரல கேட்டா பால அதுவே கறந்து குடுக்கும்,” என்றாள் வேம்புலி. ஐந்து வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதுதான். பக்கத்துக் கட்டில்காரி சிரித்ததில் பொன்னியம்மாவுக்கும் லேசாக வாய் கோணியது.

பிள்ளைக்கு நாள் வந்ததும், கிழிப்பதற்கு எல்லாம் மேசையில் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் டாக்டர்கள் தொட்டுப் பார்த்தார்களாம். நஞ்சு வாசலிலேயே இருந்தது. கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கீச்சென்று அழுதது. வெளியே தரையில் உட்கார்ந்திருந்த வேம்புலிக்கும் அந்தக் கீச்சு கேட்டது.

மூன்று மாதம் கழித்து, பொன்னியம்மா வீட்டிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. போனாள். வாசலில் மூட்டை தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு புதுப் புடவை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாட்சாயிணி நின்றாள். பொன்னியம்மா கதவுக்குப் பின்னால் பாதி முகம் காட்டி, “எடுத்துக்கச் சொல்லு. போனதுக்கு இது சரியாப் பூட்ச்சி,” என்றாள், அவளுக்கு இருக்கிற குரலிலேயே சின்னக் குரலில்.

வேம்புலி புடவையைத் தொடவில்லை. குழந்தையின் உள்ளங்காலை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அதான் இது பொழச்சிகிச்சேக்கா,” என்றாள் தாட்சாயிணி. கண் கலங்கியிருந்தது. “இன்னும் இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? மொதல்த மறந்துடுக்கா. நான் எப்பவோ மறந்துட்டேன்.”

வேம்புலியம்மாள் குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

“நீ மறந்துட்டன்னு பொய் சொல்லாத கண்ணு, உனுக்கு வராது. இது பொழச்சது நீ அலசாம எடுத்தாந்ததால. அது பூட்டது நான் வெள்ளாவி வெச்சதால. அது ஒரு ஊட்டு மூட்ட, இது ஒரு ஊட்டு மூட்ட. ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டு வெளுக்கறது எங்க தொயில்ல கெடையாது. பொடவைய உள்ள எடுத்துப் போ, பாப்பாவுக்குத் தூளி கட்டு. ஐய, இன்னாம்மே இது, பாவாடைல்லாம் ஈரமா கீது? அலசிட்டியா? அலசிக் குடுக்காதீங்கன்னு எத்தினி வாட்டிதான் சொல்றது?”